வடத்தில் ஏறிய சுண்ணாம்பு, வடத்தில் இறங்கிய தேயிலை

புதுக்கோட்டை மாவட்டத்தில் சுமை என்றால் கல்தான். திருச்சி சாலையில் கீரனூர்ப் பக்கம் போகிறவர் கண்ணில் முதலில் படுபவை தார்ப்பாய் போர்த்திய டிப்பர் லாரிகள். ஜல்லியோ எம்-சாண்டோ, ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும். கிரஷர் ஓடும் இடங்களில் சாலையோர மரங்களின் இலைகூட வெளுத்துத் தெரியும். இது இன்று நேற்று வந்த தொழில் இல்லை. நார்த்தாமலையில் நிற்கும் விஜயாலய சோழீஸ்வரம் ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் இந்த வட்டாரத்துக் கல்தான் போனது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். மாடு, உருளைக்கட்டை, ஆள்பலம் என்று எதைக் கொண்டு இழுத்திருந்தாலும், அந்தச் சுமை தரையைத் தேய்த்துக்கொண்டேதான் போயிருக்கும்.

தரையைத் தொடாமல் சுமை நகர்வதை இங்கே குவாரிப் பள்ளத்தில்தான் பார்க்கலாம். அறுத்தெடுத்த கருங்கல் பாளத்தை கிரேன் தூக்கும்போது, அத்தனை டன்னும் ஓர் இரும்பு வடத்தில் தொங்கும். அந்த வடத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய எஃகுக் கம்பிகளை 19, 36 என்று சேர்த்து முறுக்கினால் ஒரு புரி. அப்படி ஆறு புரிகளை நடுத்தண்டு ஒன்றைச் சுற்றி முறுக்கினால் வடம். நடுத்தண்டு நாராக இருந்தால், பூசிய கிரீஸை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே கம்பிகளுக்குக் கொடுக்கும். பழகிய ஆட்கள் ஒரு பழந்துணியால் வடத்தைப் பிடித்து மெல்ல உருவுவார்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி அறுந்திருக்கிறது. இந்த நீளத்துக்குள் இத்தனை கம்பி அறுந்தால் வடத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று கணக்கு இருக்கிறது.

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி 1834-ல் இந்த வடத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அங்கே சங்கிலிதான். சங்கிலி சொல்லிக்கொண்டு அறுவதில்லை. ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போயிற்று. வடத்தில் ஒரு கம்பி போனால் மற்றவை தாங்கும், பார்க்கிறவருக்கு எச்சரிக்கையும் கிடைக்கும். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் மனிதர்கள் மலைகளுக்கு மேலே சுமையை ஓடவிட்டார்கள். 1868-ல் சார்லஸ் ஹாட்சன் இங்கிலாந்தில் கம்பிவடப் பாதைக்குக் காப்புரிமை பெற்றார். லெஸ்டர் பக்கத்துக் கல்குவாரியிலிருந்து ரயில் நிலையத்துக்குக் கல் கொண்டுபோனது அவருடைய தொடக்ககாலப் பாதைகளில் ஒன்று. 1874-ல் அடால்ஃப் ப்ளைஹெர்ட் ஜெர்மனியில் சுமை தாங்க ஒரு வடம், இழுக்க இன்னொரு வடம் என்று பிரித்து அமைத்தார். ஆக, கல்லைத் தூக்கிப் பழகியதுதான் வானத்தில் ஓடும் இந்தப் பாதைகளும்.

தமிழ்நாட்டில் அப்படி வடம் ஓடிய இடங்களைத் தேடுகிறவர் புதுக்கோட்டையிலிருந்து மேற்கே, தேனி மாவட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு சரிவுகள் இருக்கின்றன. ஒன்றில் சுமை மேலே ஏறியது, மற்றதில் கீழே இறங்கியது.

திருமயம் கோட்டையைத் தாண்டி, திருப்பத்தூர் வழியாக மேலூர் வந்ததும் பயணத்தின் பொருள் தானாகவே எதிரில் வந்து நிற்கிறது. சாலையோரத்து வயல்களில் நெல். அந்த நெல்லுக்குப் பாயும் கால்வாயின் பெயர் பெரியாறு பிரதானக் கால்வாய். அரபிக் கடலுக்குப் போக வேண்டிய ஆற்றின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வைகையோடு சேர்ந்து இங்கே வரைக்கும் வருகிறது. இதற்குக் காரணமான அணையின் சுண்ணாம்பு கம்பிவடத்தில் போனது என்பதை மேலூர்க்காரர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ தெரியாது. அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி. கணவாயைத் தாண்டியதும் காற்று மாறுகிறது, மலை இரண்டு பக்கமும் நெருங்கி வருகிறது. தேனியிலிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று திராட்சைப் பந்தலும் தென்னையும் வாழையுமாகப் போகும் பள்ளத்தாக்கின் முடிவில் கூடலூர். அதையடுத்து மலை செங்குத்தாக எழும்பும் இடத்தில் லோயர் கேம்ப். 1887-ல் முல்லைப் பெரியாறு அணை வேலை தொடங்கியபோது பொருள் ஏற்றும் முகாம் கீழே இருந்தது, பெயரும் அப்படியே தங்கிவிட்டது.

அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் முன்னால் இருந்த சிக்கலை இங்கே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் விளங்கும். அணை கட்ட வேண்டிய இடமோ மலைக்கு அப்பால், யானைக் காட்டுக்குள். கல் அங்கேயே கிடைக்கும். சுண்ணாம்பு கிடைக்காது. சிமெண்ட் தாராளமாகப் புழங்காத காலம்; அணையின் உடம்பே சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கலந்த காரை. 155 அடி உயரம், 1,200 அடி நீளம் கொண்ட அணைக்குச் சுண்ணாம்பு எவ்வளவு வேண்டியிருக்கும்! சுண்ணாம்புக்கல் கிடைத்த குருவனூத்து, கூடலூர்ப் பக்கம், மலையடிவாரத்தில். ரயிலோ அம்மையநாயக்கனூரோடு சரி, அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம். மற்ற பொருட்கள் அங்கிருந்து மாட்டுவண்டியில் பள்ளத்தாக்கு முழுவதும் கடந்து வந்தன. வந்தவை மலையேற வேண்டும்.

குருவனூத்துக் கல்லை மலை மேலே கொண்டுபோகப் பென்னிகுயிக்கின் பொறியாளர்கள் கம்பிவடம் கட்டினார்கள். சரிவில் தாங்கிகளை நட்டு, அவற்றின் மேல் வடம் ஓட்டி, அதில் சுமையைத் தொங்கவிட்டு ஏற்றினார்கள். மேலே தேக்கடிப் பக்கம் இறங்கிய சரக்கு, பெரியாற்றில் படகேறி அணைக்குப் போனது. மாட்டுவண்டி, கம்பிவடம், படகு: ஒரே சரக்குக்கு மூன்று வாகனம். மலைக்காய்ச்சல் முகாம்களைக் காலி செய்துவிடும். நோயிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கானோர் மாண்ட வேலை அது. வடம் அங்கே மனிதத் தலைகளிலிருந்து இறக்கிவைத்த பாரத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார்.

லோயர் கேம்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் 2013 ஜனவரி 15-ல் திறக்கப்பட்டது. தைப்பொங்கல் நாளில் இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகள் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு. மண்டபத்திலிருந்து மலையைப் பார்த்தால் சரிவில் பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குவது தெரியும். அணைத் தண்ணீர் அவற்றின் வழியே விழுந்து கீழே மின்சாரம் தருகிறது. சுண்ணாம்பை மேலேற்ற ஒரு காலத்தில் ஆற்றல் செலவானது. அந்த அணை பிடித்துவைத்த தண்ணீர் இன்று இறங்கும்போது ஆற்றலைத் திருப்பித் தருகிறது. கம்பிவடச் சின்னமாக ஒரு கப்பியாவது, ஒரு துண்டு வடமாவது அங்கே வைத்து, பக்கத்தில் குருவனூத்தின் பெயரை எழுதியிருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன்!

இரண்டாவது சரிவுக்குப் போக, தேனிக்குத் திரும்பி போடிநாயக்கனூர் பிடிக்க வேண்டும். இப்போது ரயிலும் இருக்கிறது. 1928-ல் வந்த மதுரை–போடி பாதையின் தண்டவாளங்களை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மூடினார்கள். 2023 ஜூன் 15-ல் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. ஊருக்குள் நடந்தால் ஏலக்காய் வாசனை. இலவம்பஞ்சுக் கிடங்குகளும் உண்டு. சுற்றியுள்ள மலைகளில் விளைவதெல்லாம் இறங்கிச் சேரும் ஊர் இது.

போடியிலிருந்து மூணாறு சாலையில் முந்தல் வரை போய், 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுப் பாதையில் ஏறாமல், ஆற்றோடு உள்ளே திரும்பினால் குரங்கணி. மூன்று பக்கமும் மலை. அண்ணாந்து பார்த்தால் வடமேற்கில் மேகம் உரசும் விளிம்பு ஒன்று தெரியும். அங்கே இருக்கும் ஊரின் பெயர் டாப் ஸ்டேஷன், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர். பாதி வழியில் இருக்கும் சிற்றூருக்குப் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். அடிவாரத்துக் கொட்டக்குடியை ஒரு காலத்தில் பாட்டம் ஸ்டேஷன் என்றார்கள். ரயில் ஏறவே முடியாத மலையில் மூன்று ஸ்டேஷன்கள். மூன்றும் வடத்தின் ஸ்டேஷன்கள்.

கதை மேலேயிருந்து தொடங்குகிறது. 1877-ல் ஜே.டி. மன்றோ பூஞ்சாறு அரசரிடம் மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, சிங்கோனா என்று முயன்றுபார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கங்காணிகளின் பின்னால் மலைப்பாதையில் நடந்தே ஏறிப்போனவர்கள். விளைந்த தேயிலை கடலுக்குப் போக வேண்டும். மேற்கே கொச்சிப் பக்கம் அடர்ந்த காடும் பாலமில்லாத ஆறுகளும். கிழக்கேயோ மலை விளிம்பிலிருந்து பார்த்தால் போடிச் சமவெளி காலடியில் கிடக்கிறது. நடுவில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சரிவு மட்டும்தான் தடை.

1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும். ஒரு பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில் உருண்டு வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தது மாடு. 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல இருப்புப்பாதையும் சிறு நீராவி எஞ்சின்களும் வந்தன. ரயில் டாப் ஸ்டேஷனில் நின்றுவிடும். அங்கே தேயிலைப் பெட்டிகள் வடத்துக்கு மாறின. 5 கிலோமீட்டர் காற்றில் இறங்கி கொட்டக்குடி சேர்ந்தன. அங்கிருந்து 15 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடி. போடியைத் தாண்டி ரயில், கப்பல், இங்கிலாந்து.

வடத்தில் இறங்கும் சுமை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிணற்றடியில் நின்றவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரே கப்பியில் இரண்டு தோண்டி போட்டால், ஒன்று இறங்க மற்றது ஏறும். மேலே ஒரு பெரிய சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி முடிவில்லாத வடம். தேயிலையோடு இறங்கும் பெட்டிகளின் பாரமே மறுபக்கத்தில் மேலே போக வேண்டியதை இழுத்துக்கொள்ளும். பாரம் ஏற ஏற வேகமும் கூடும் என்பதால் இங்கே எஞ்சினைவிட பிரேக்குக்குத்தான் பொறுப்பு அதிகம். ஒரு டன் சரக்கு ஆயிரம் மீட்டர் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2.7 யூனிட் மின்சாரம். லாரியில் வந்தால் அதையெல்லாம் பிரேக் கட்டைகள் சூடாக்கித் தீர்க்கும். ஜமைக்காவின் மவுண்ட் ஆலிஃபன்ட்டில் 2007-ல் கட்டிய பாதையில் பாக்ஸைட் தாது 470 மீட்டர் இறங்குகிறது. மணிக்கு 1,200 டன் இறங்கும்போது பிரேக்கிலிருந்தே 1,300 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் எடுக்க முடிகிறது.

தேயிலைக்கு இதில் இன்னொரு ஆதாயம். ஈரம் பட்டால் தேயிலை கெட்டது. அதனால்தான் பெட்டிக்குள் உலோகத் தகடு ஒட்டி அடைப்பார்கள். பருவமழையில் சறுக்கும் பாதையில், மூடுபனியில், தலையிலும் மாட்டு முதுகிலும் பெட்டி இறங்குவதைவிடக் காற்றில் இறங்குவது எத்தனையோ மேல். மலையிறங்க ஒரு பாதையை வெட்டி, அதற்காக மரத்தைச் சாய்த்து, மண்சரிவோடு மல்லுக்கட்டும் தேவையும் இல்லை. தாங்கி நிற்கும் இடங்களில் மட்டும் மண்ணைத் தொட்டால் போதும்.

1924 ஜூலையில் வந்த பெருமழையைக் கேரளத்தில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099 என்பதால். அது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துக்கொண்டு போனது. ரயில் மறுபடி வரவில்லை. மூணாறு ரயில் நிலையமாக இருந்த கட்டடம் பிற்பாடு தேயிலைக் கம்பெனி அலுவலகமாயிற்று. 1935-ல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறந்ததும் மேற்கே கொச்சிக்கு லாரி போகத் தொடங்கியது. கிழக்குச் சரிவின் வடத்துக்கு அதன்பின் வேலை குறைந்தது. கம்பம் பள்ளத்தாக்கை வாழவைத்த பெரியாறுதான், மேற்கே ஒரு பாலத்தைத் தாங்கி, போடிச் சரிவின் வடத்தை ஓயவைத்தது.

இன்று குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியே ஏறும் நடைபாதை அந்தப் பழைய சரிவில்தான் போகிறது. மாந்தோப்பும் இலவ மரமும் விட்டு, புல்வெளி வந்து, பிறகு சோலைக்காடு. மேலே டாப் ஸ்டேஷனில் வட நிலையத்தின் இடிபாடுகள் மிச்சமிருக்கின்றன. கல் திண்டும் சுவரும் பார்க்கிறவருக்கு மாட்டுத்தொழுவம்போலப் பட்டாலும், கீழே கொட்டக்குடித் திசையை நோக்கி நின்றால் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று உடனே புலப்படும். பார்வைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

நினைத்த மாத்திரத்தில் ஏறிவிடக் கூடாத பாதை அது. 2018 மார்ச் 11 அன்று இதே சரிவுகளில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன இளைஞர்கள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் கால்வைக்கக் கூடாது. கோடையில் நினைக்கவே கூடாது. டாப் ஸ்டேஷனை மட்டும் பார்க்க வேண்டும் என்பவர்கள் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாகச் சாலையில் போகலாம்.

உலகத்தில் இதைவிட நீளமான வடங்கள் ஓடியிருக்கின்றன. அர்ஜென்டினாவின் சிலெசிதோவில் ப்ளைஹெர்ட் கம்பெனி 1905 வாக்கில் முடித்த பாதை ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 4,000 மீட்டருக்கு மேல் இருந்த சுரங்கத்திலிருந்து தாது இறக்கியது. ஸ்வீடனில் 1943-ல் க்ரிஸ்டினபெரியிலிருந்து பூலிடனுக்கு 96 கிலோமீட்டர். காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்கு மோட்டார் சாலை இல்லாத 1920-களிலேயே சரக்கு வடத்தில் போனது. இவற்றில் பெரும்பாலானவை லாரியும் சாலையும் வந்ததும் நின்றுவிட்டன. ஒரு காரணம், பாதையில் ஒரு தாங்கியோ ஒரு கப்பியோ பழுதானால் மொத்தமும் நிற்கும். இன்னொன்று, வடம் இரண்டு ஊர்களை மட்டுமே இணைக்கும், சாலை வழியில் உள்ள எல்லா ஊரையும் இணைக்கும். பராமரிப்பிலும் வடம் கண்டிப்பானது. பழனி மலையில் 2004 முதல் ஓடும் ரோப் காரை ஆண்டுதோறும் வாரக்கணக்கில் நிறுத்தி வடம், கப்பி, பற்றிகளைச் சோதிக்கிறார்கள்.

புதுக்கோட்டைக் கல்லுக்கு இது உதவுமா என்று கேட்டால், உதவாது. குவாரிகள் சமவெளியில் சிதறிக் கிடக்கின்றன, போகும் ஊர்களும் பல திசை. அங்கே லாரியை வெல்ல வடத்தால் ஆகாது. ஆனால் போடி, பெரியகுளம் மலைகளின் நிலை வேறு. மலைக்கிராமங்களிலிருந்து காப்பி, எலுமிச்சை, இலவம்பஞ்சு இன்றும் குதிரை முதுகில் இறங்குவதைப் பார்க்கலாம். தேர்தல் வந்தால் ஊத்துக்காடு போன்ற ஊர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரமே குதிரையில் ஏறுகிறது. சாலை கேட்டால் காடு குறுக்கே நிற்கிறது. காட்டை வெட்டினால் மண் இறங்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

நேபாள மலைக்கிராமங்களில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். எஞ்சினும் மின்சாரமும் இல்லாத சிறு சரக்கு வடங்கள் அங்கே காய்கறி இறக்குகின்றன. மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் ஒரு பிரேக். 120 கிலோ இறங்கினால் அதன் பலத்திலேயே 40 கிலோ மேலே போகும். விளைச்சல் மேலே, சந்தை கீழே, நடுவில் செங்குத்தான சரிவு. இவை மூன்றும் அமைந்த ஊர்கள் கொட்டக்குடி ஆற்றுக்கு இரு கரையிலும் இருக்கின்றன. வனத்துறையும் வேளாண் பொறியியல் துறையும் சேர்ந்து முதலில் ஒரே ஒரு ஊரில் இதைச் செய்துபார்க்கலாம். கப்பியும் வடமும் மாட்டத் தெரிந்த கைகளுக்குப் புதுக்கோட்டைக் குவாரிகளில் பஞ்சமில்லை.